பதினொரு மணிப் பாங்கு

காசாபிளாங்காவில், மாரிஃப் பகுதியில், எட்டே பேர் வேலை பார்க்கும் அந்த மென்பொருள் கம்பெனியில் ஒரு விளக்கு இருந்தது. எழுதிய நிரல் சரியா என்று கணினியே சோதிக்கும் டெஸ்ட்டுகள் எல்லாம் தேறினால் பச்சை, ஒன்று தோற்றாலும் சிவப்பு. சிவப்பு எரியவிட்டவர் எட்டுப் பேருக்கும் ம்ஸம்மன் ரொட்டி வாங்கி வரவேண்டும் என்று முதலாளி சி திரீஸ் சட்டம் போட்டிருந்தார். போடும்போது அவர் பசியில் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் லுப்னாவைத்தான் தினமும் பிடித்தது. அவள் வேலை செய்யும் முறை அப்படி. முதலில் டெஸ்ட் எழுதுவாள். நிரலே இன்னும் இல்லாததால் அது தோற்று, சிவப்பு எரியும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிரலை எழுதிப் பச்சையாக்குவாள். தோற்கத் தெரியாத டெஸ்ட்டை அவள் நம்பமாட்டாள். தெருமுனையில் ரொட்டி சுடும் ஃபத்தூமா, "என்னம்மா, உங்க ஆபீஸ்ல மூணு மாசமா கல்யாணமா?" என்று கேட்டேவிட்டாள்.

குழுத் தலைவன் ஜவாத் ஒரு நாளும் ரொட்டி வாங்கியதில்லை. அவன் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட்டில் ஒன்றுகூடச் சிவந்ததில்லை. அந்தத் திமிரில் ஆபீஸுக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பான்.

ரமலான் ஒன்பதாம் நாள் லுப்னாவின் மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிந்தது. காலை பத்தரைக்கு சி திரீஸ் அவளைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஜவாத் நின்றான்.

"நீ கெட்டிக்காரிதான் லுப்னா. ஆனா இங்க சிவப்பு எரியறதே உன்னாலதான். நாளைலேருந்து வரவேணாம்."

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெனி மெல்லாலிலிருந்து வந்து சேர்ந்த வேலை. திரும்பிப் போனால் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லமாட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

"போறேன். அதுக்கு முன்னாடி நிரல்ல ஒரே ஒரு வரியக் கெடுக்கறேன். ஜவாத் அண்ணனோட டெஸ்ட்ல ஒண்ணாவது கண்டுபுடிச்சா, வாயத் தொறக்காம கெளம்பிடறேன்."

"ஒண்ணா? எழுபது செவக்கும் பாரு தங்கச்சி," என்றான் ஜவாத். "பையை இப்பவே எடுத்து வெச்சுக்க."

அந்தக் கம்பெனி செய்தது, நோன்பு திறக்கும் நேரத்தில் தொழுகை அழைப்பான பாங்கு கைப்பேசியில் ஒலிக்கும் செயலி. லுப்னா சூரியன் மறையும் நேரத்தை அழித்துவிட்டுக் காலை பதினொன்று என்று எழுதினாள். டெஸ்ட்டுகளை ஓடவிட்டாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"இருநூத்திப் பன்னெண்டும் தேறிடுச்சு, சி திரீஸ். இவர் டெஸ்ட் எல்லாம் போய்க் கதவத் தட்டுது. என்ன பதில் வருது, அது சரியான்னு நின்னு கேக்கறதில்ல."

ஜவாத்தின் முகம் சுருங்கியதில் அவளுக்குப் பரம சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை அறவே மறந்துபோனாள். பச்சை எரிந்தால் ஐந்து நிமிடத்தில் புதிய நிரல் தானாகவே நாற்பதாயிரம் கைப்பேசிகளுக்குப் போய்விடும். இடையில் மனிதன் எதற்கு என்று ஜவாத் செய்து வைத்த ஏற்பாடு அது.

சரியாகப் பதினொரு மணிக்கு அறையிலிருந்த எட்டுக் கைப்பேசிகளும் ஒரே குரலில் பாங்கு சொல்லின. கீழே காவலாளியின் கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. அது முடிவதற்குள் சி திரீஸின் மாமியார் லல்லா பத்தூல் அழைத்துவிட்டார். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் போட வேண்டியதில்லை.

"மாப்ளே, மணி என்ன?"

"பதினொண்ணு, மாமி."

"திரைய இழுத்து விட்டுத் தூங்கிட்டிருந்தேன். பாங்கு கேட்டுது. பேரீச்சம்பழம் தின்னு, பாலும் குடிச்சுட்டேன். அப்புறம் திரைய வெலக்கினா, வெயில் மூஞ்சில அடிக்குது. இருநூறு தடவ சரிபாத்துதான் அனுப்புவோம்னு சொன்னீங்களே மாப்ளே."

சி திரீஸ் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மொதல்ல அந்த வரிய மாத்து," என்று ஜவாத் கத்தினான்.

"மொதல்ல செவப்பு," என்றாள் லுப்னா.

ஊரே பற்றி எரிகிற நேரத்தில் அவள் உட்கார்ந்து டெஸ்ட் எழுதினாள். சூரியன் இருக்கும்போது நோன்பு திறக்கும் பாங்கு ஒலிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஓடவிட்டதும் விளக்கு சிவந்தது. யாரும் ரொட்டி என்று சொல்லவில்லை. பிறகு வரியைத் திருத்தினாள்; பச்சை வந்தது. எழுந்து போய், மாமியார் இன்னும் வைக்காத கைப்பேசியை சி திரீஸிடம் கேட்டு வாங்கினாள்.

"லல்லா, அந்த வரிய எழுதினது நான்தான். உங்க நோன்பு என்னாலதான் போச்சு. மன்னிச்சுக்குங்க."

"எதுக்கும்மா எழுதின?"

"தப்பு வந்தா இங்க யாருக்கும் தெரியாதுன்னு காட்டறதுக்கு."

"தெரிஞ்சுதா?"

"உங்களுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுது."

"இனிமே எனக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்?"

"இங்க செவப்பு எரியற விளக்குக்கு."

"போனை மாப்ளகிட்ட குடு."

அவர் என்ன சொன்னார் என்பது எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பெண்ணை அனுப்பினால், ரமலான் முடியும்வரை மருமகன் நோன்பு திறக்கத் தன் வீட்டுக்கு ஹரீரா சூப் குடிக்க வரவேண்டாம்.

சி திரீஸ் வேலை உறுதிக் கடிதத்தில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். லுப்னா ஜவாத்தின் டெஸ்ட் ஒவ்வொன்றையும் பதிலைக் கேட்கும்படி மாற்ற ஆரம்பித்தாள். மாலைக்குள் முப்பத்தேழு சிவந்தன.

நோன்பு திறக்க அரைமணி இருக்கும்போது ஃபத்தூமாவின் கல் முன்னால் ஜவாத் வந்து நின்றான்.

"எட்டுப் பேருக்கு."

"தெனம் வர்ற அந்தப் பொண்ணு எங்க? வேலைய விட்டுட்டாளா?"

"இல்ல," என்றான் ஜவாத். "இன்னும் முப்பத்தாறு நாளைக்கு நான்தான் வருவேன்."