ஒன்பதாம் நாள் முடிச்சு

...இல்லை, இது வெந்நீர் பட்ட சிவப்பு இல்லை, அந்தச் சிவப்பு மாரியாயிக்குத் தெரியாதா, இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளை பெற்றவள்களைக் குளிப்பாட்டுகிறவள், நொச்சி இலை போட்டுக் கொதித்த தண்ணீரைச் சொம்பில் மொண்டு இடுப்பில் ஓங்கி அடித்தால் தோல் சிவக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், இது அடங்கவில்லை, இது கருநீலம், தொப்புளுக்குக் கீழே, குதிகால் அகலத்துக்கு... குதிகாலேதான். முதுகைத் திருப்பிப் பார்த்தாள், இரண்டு கோடு, பெல்ட். இவள் பெற்று ஒன்பது நாள் ஆகிறது, ஒன்பதே நாள், நாய்கூடக் குட்டி போட்ட நாயைக் கடிக்காது. "யாருடி?" என்று கேட்டாள், கேட்டதும் தன் மேலேயே எரிச்சல் வந்தது, யார் என்று தெரியாமலா கேட்கிறாய், போர்ட் கிள்ளானில் ராத்திரி ஷிப்டு லோரி ஓட்டிவிட்டு வந்து ஹாலில் குப்புறக் கிடந்து குறட்டை விடுகிறானே இவள் புருஷன் பாலன், அவன்தான், வேறு யார்? "புள்ள அழுதுகிட்டே இருந்துச்சுக்கா... அவருக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு லா," என்றாள் சந்திரகலா, தப்பு தன்னுடையது மாதிரி. டெங்கில் தோட்டத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கட்டிக்கொண்டு வந்த பெண், இருபது வயசு இருக்குமா, அவள் காலடியில் ஓடிய மஞ்சள் தண்ணீரில் ரத்தம், புது ரத்தம், முந்தாநாளே குறைந்து வந்ததே, இப்போது கட்டி கட்டியாக இறங்குகிறது.

அண்டாவில் இன்னும் பாதித் தண்ணீர் கொதிக்கிறது. பத்து எட்டு வைத்தால் ஹால். ஒரு சொம்பு போதும், அவன் கழுத்துக்கும் காதுக்கும் நடுவில், தோல் உரிந்து வரட்டும், எழுந்து ஆடட்டும், தூக்கம் கெட்டால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும்... சொம்பை மொண்டுகொண்டாள், நிஜமாகவே மொண்டுகொண்டாள், அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. அந்தத் தண்ணீரைத் தரையில் வீசினாள். தன் ஆத்திரத்தில் பாதி இவன் மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அந்த மீதிப் பாதியைப் பற்றி நினைக்கக் கூடாது, நினைக்காதே, துண்டை எடு, துவட்டு.

ஆனால் அறைக்குள் சந்திரகலாவின் மாமியார் பவுனம்மாள் வயிறு கட்டுகிற துணியோடு நிற்கிறாள், நாலாய்க் கிழித்த பழைய வேட்டி. "பத்து மணிக்குக் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி வருவாங்க. நல்லா இறுக்கிக் கட்டிடு மாரியாயி. பதினாறு நாளைக்கு மிஸ்ஸி கை பட்டு அவுக்கக்கூடாதுன்னு சொல்லிடு, ஒனக்குத் தெரியாததா." தெரியாமல் என்ன, அந்தச் சட்டத்தைப் போட்டதே மாரியாயிதானே. எந்தச் சாமி சொன்னது, எந்த வைத்தியர் சொன்னார்? கிள்ளானில் எழுபத்தொன்றாம் வருஷம், பிள்ளை பெற்றிருந்த சீதாலெட்சுமி வீட்டில் மாரியாயி வாயில் வந்தது. சீதாலெட்சுமியின் வயிற்றிலும் இப்படித்தான் ஒரு நீலம், அந்தப் புருஷன் அறை வாசலிலேயே நின்றான், அன்றைக்கு வந்த மிஸ்ஸி கையைத் துணிப்பக்கம் நீட்டினாள், சட்டென்று மாரியாயி சொன்னாள், மத்த கை பட்டு அவிழ்த்தால் காற்றுப் புகுந்துவிடும் மிஸ்ஸி, எங்கள் வழக்கம். மிஸ்ஸி நம்பினாள். எல்லோரும் நம்பினார்கள். மூன்றாம் நாள் சீதாலெட்சுமிக்குக் காய்ச்சல், அஞ்சாம் நாள் ஆளே இல்லை, ஜன்னி என்றார்கள், மாரியாயியும் ஜன்னி என்றாள், பதிமூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் முடிச்சு அவிழாமல் துணியைக் கத்தரித்தார்களாம், அதைக் கேட்டபோது அவளுக்கு என்ன தோன்றியது? என் கட்டு அப்படி, என்று. பெருமை. சீ.

கட்டக்கூடாது, இன்றைக்குக் கட்டவே கூடாது, மிஸ்ஸி வரட்டும், பார்க்கட்டும், என்று நினைத்துக்கொண்டே சந்திரகலாவைப் பாயில் படுக்க வைத்தாள், நினைத்துக்கொண்டே சுற்றினாள், ஒரு சுற்று, இரண்டு சுற்று, முழங்காலை முட்டுக் கொடுத்து இழுத்தாள், சந்திரகலா "அம்மா" என்று முனகினாள், பவுனம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள், குனிந்து பார்த்தால் முடிச்சு விழுந்திருந்தது. எப்போது போட்டேன்? மனசு ஒன்று சொல்ல, கை அது பாட்டுக்குப் போய்விட்டதே. இந்தக் கையை அந்த அண்டாவில் விட்டால் என்ன?

வெளியே ஸ்கூட்டர் சத்தம். மிஸ்ஸி உள்ளே வந்து, பிள்ளையை எடை போட்டாள், கண் மஞ்சளா என்று பார்த்தாள், சந்திரகலாவின் கையைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தாள், கார்டில் எழுதினாள். வயிற்றைப் பார்க்கவே இல்லை. "மாரியாயிக்கா கட்டுனா நான் தொடமாட்டேன் லா, காத்துப் புகுந்துடும்னு திட்டுவாங்க," என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பு மாரியாயியின் கன்னத்தில் அறைந்தது. பொய் ஊரெல்லாம் சுற்றிவிட்டு மிஸ்ஸி வாய் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. பவுனம்மாள், "காப்பி குடிச்சிட்டுப் போங்க மிஸ்ஸி," என்றாள். மிஸ்ஸி பேனாவை மூடினாள்.

சந்திரகலாவின் கை போர்வைக்கு வெளியே வந்தது, மெதுவாக முடிச்சின் மேல் போனது, நகத்தால் சுரண்டியது, இழுத்தது. வலிக்கிறதாக்கும், கையை எடுடி என்று தட்டிவிட மாரியாயியின் கை தானாக எழுந்தது... எழுந்த கை பாதியில் நின்றது. அன்றைக்கு சீதாலெட்சுமியும் இதே மாதிரி முடிச்சின் மேல் கை வைத்தாளே. மிஸ்ஸி நிற்கும்போதே வைத்தாளே. சும்மா இருடி, வலி பழகிடும் என்று அந்தக் கையைத் தட்டிவிட்டது யார்?

"மிஸ்ஸி, இருங்க," என்றாள். குரல் பெரிதாகிவிட்டது. ஹாலில் குறட்டை நின்றது, கட்டில் கிரீச்சிட்டது. "அவளுக்கு ஒண்ணும் இல்ல மிஸ்ஸி, நீங்க வாங்க," என்று பவுனம்மாள் குறுக்கே வந்தாள், மாரியாயி அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் குனிந்து முடிச்சைப் பிடித்தாள், விரல் நுழையவில்லை, காய்ந்த துணி, வெந்நீர் பட்டால்தான் இளகும், நகம் ஒடிந்தது, பல்லால் கடித்து இழுத்தாள், அசையவில்லை. ஹாலிலிருந்து காலடி வருகிறது. "கத்திரி இருக்கா மிஸ்ஸி? சீக்கிரம் குடுங்க," என்றாள். சந்திரகலா துணியைத் தோலிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், கத்திரி நுழைய இடம் விட்டு, அப்படியென்றால் சீதாலெட்சுமியும் அவிழ்க்கத்தான் பார்த்தாளோ, வலி என்று நான்தான் நினைத்துக்கொண்டேனோ, அல்லது அன்றைக்கே எனக்குத் தெரியுமோ...