வெட்டி எடுத்த ஏழு புத்தகங்கள்

அக்கா புத்தகத்தை வாங்கியதும் திறக்கவில்லை. அதன் முதுகை விரலால் அளந்தாள்.

"என்னடா இது, இப்படி இளைச்சுப்போச்சு?"

அம்மாவின் பைபிள் அது. நூல் விட்டுத் தாள்கள் உதிர்ந்ததால், பைண்டிங் செய்கிற என்னிடம் அக்கா போன வாரம் கொடுத்திருந்தாள். விடிந்தால் சர்ச்சில் அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி. அதில் சாமியார் இந்தப் புத்தகத்திலிருந்துதான் வாசிக்க வேண்டும் என்பது அம்மாவின் கடைசி ஆசை. வாசிக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடும் போட்டிருந்தாள். மக்கபேயர் நூலில், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் பகுதி. கத்தோலிக்கப் பைபிளில் மட்டும் இருக்கிற, என் சபை ஏற்காத ஏழு புத்தகங்களில் சேர்ந்தது அது.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் நான் கத்தியை எடுத்தேன்.

"அந்த ஏழு புத்தகமும் வேதம் இல்லக்கா. மனுஷன் சேர்த்தது. எடுத்துட்டேன்."

அவள் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"யார்ரா சொன்னது?"

"வேதமே சொல்லுது."

"எந்தப் பக்கத்துல? உள்ள எத்தனை புத்தகம் இருக்கணும்னு அதுல எங்கடா பட்டியல் இருக்கு? எங்க திருச்சபை கூடி முடிவு பண்ணித் தந்ததைத்தான் நீ கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் திரியற."

"நீங்க முத்திரை குத்தினதால அது வேதமாகல. சாமியார் தலையாட்டினாத்தான் கடவுள் பேசினார்னு நம்பற கூட்டம்தானே நீங்க?"

"ஆமாண்டா. நீங்க கத்தி வச்சிருக்கிறவனை நம்பற கூட்டம்."

எட்டு வருடங்களுக்கு முன் நான் கத்தோலிக்கத்தை விட்டுச் சபை மாறியதிலிருந்து இதே சண்டைதான். அம்மா இருந்தபோது நடுவில் உட்கார்ந்து, இருவர் தட்டிலும் சோற்றைப் போட்டு வாயை அடைப்பாள். இப்போது அடைக்க ஆளில்லை.

அக்கா புத்தகத்தைத் திறந்தாள். பழைய ஏற்பாடு முடியும் இடத்தில் விரல் நின்றது. ஒரு தாளைப் புரட்டினாள், திரும்பி வந்தாள், மறுபடி புரட்டினாள்.

"மத்தேயு எங்கடா?"

பிடுங்கிப் பார்த்தேன். மத்தேயுவில் தொடங்க வேண்டிய புதிய ஏற்பாடு, அதன் மலைப்பிரசங்கத்தின் பாதியிலிருந்து தொடங்கியது. தலைப்பும் இல்லை, முதல் அதிகாரங்களும் இல்லை.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். பாரம் பாரமாகத்தான் புத்தகம் தைப்போம். அந்த ஏழு புத்தகங்களின் கடைசிப் பாரத்தில் முதல் ஆறு பக்கங்கள்தான் அவற்றுக்கு உரியவை, மீதி மத்தேயு. நடுவில் பிரித்துத் தைத்திருக்க வேண்டும். இருபது வருடத் தொழிலில் இதைத் தவறவிட்டதில்லை. ஆத்திரத்தில் பாரத்தோடு உருவிவிட்டிருக்கிறேன். கழித்த தாள்களெல்லாம் நேற்றே காகிதக் கூழ் ஆலைக்குப் போய்விட்டன.

அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை.

"எது வேதம்னு பரிசுத்த ஆவியே உள்ளுக்குள்ள சொல்லுவார்னு சொல்லுவியே. மத்தேயுவைத் தூக்கிக் குப்பையில போட்டப்போ ஏன்டா சொல்லல? அன்னைக்கு லீவா?"

புத்தகத்தை மூடி அவள் மடியில் வைத்தேன். வெளியே யாரோ ஷட்டரை ஏற்றும் சத்தம் கேட்டு அடங்கியது.

"சாமியார்கிட்ட வேற புத்தகம் இருக்கும். நாளைக்கு அதுல வாசிச்சுக்கறோம்," என்றாள். குரல் தணிந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தப்பு பண்ணிட்டேன்னு சொல்லு. சொல்லிட்டு நாளைக்கு வந்து என் பக்கத்துல நில்லு."

"நான் மனுஷங்ககிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றதில்ல."

"நான் என்ன சாமியாரா? நீ வெட்டினது நம்ம அம்மா புத்தகத்தைடா. என்கிட்ட சொல்லு."

குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் வசனம் வேதத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும். அவள் காத்திருந்தாள். அவளிடம் சொன்னால், இந்த எட்டு வருடமும் தப்பு என்று சேர்த்துச் சொன்னதாகிவிடும் என்று தோன்றியது.

"பைண்டிங்ல ஒரு பாரம் தவறிடுச்சு," என்றேன்.

அக்கா எழுந்தாள். புத்தகத்தை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"நீயே வச்சுக்க. உன் அளவுக்கு வெட்டியாச்சு இல்ல. நாளைக்கு அந்தப் பக்கம் வந்துடாதே."