சட்டைப் பையில் மூன்று ஃபியூஸ் கட்டை

கம்பத்தில் ஏறுகிறவன் எவனோ, அவன் சட்டைப் பையில்தான் ஃபியூஸ் கட்டைகள் இருக்க வேண்டும். லைன்மேனும் அவனுடைய கூட்டாளி நெட்டையனும் பதினெட்டு வருடமாக விட்டுக்கொடுக்காத வழக்கம் அது. டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று கட்டைகளையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டால், எந்தப் புண்ணியவானும் தெரியாத்தனமாகத் திரும்ப மாட்டிவிட முடியாது.

அன்று காற்றில் அறுந்தது லைன்மேனின் தங்கை வீட்டு ஒயர். கம்பத்துப் பக்கம் அறுந்து, வீட்டுச் சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் தங்கச்சி வீட்டுக்கும் நான்தான் ஏறணுமா? டீயாவது உண்டா?" என்று கேட்டபடி நெட்டையன், பிடுங்கிய கட்டைகள் பையில் இருக்க, அந்த ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான்.

"முதல்ல ஏறுடா. இறங்கினப்புறம் பார்க்கலாம்."

ஏணியைப் பிடித்திருந்த லைன்மேன் தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பினான். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

வேறு டிரான்ஸ்பார்மரில் ஓடும் பின்தெருக் கம்பத்திலிருந்து அந்த வீட்டுக்குத் திருட்டுத்தனமாக இன்னொரு லைன் இழுத்துக் கொடுத்தவன் அவனேதான். "மெயினை அணைச்சிட்டுத்தான் இந்தச் சுவிட்சைப் போடணும்" என்று தங்கையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். புழுக்கம் தாங்காமல் அவள் மறந்துவிட்டாள். பின்தெரு மின்சாரம் வீட்டுக்குள் புகுந்து, அறுந்த ஒயரின் நுனிவரை வந்து நின்றது.

மேலே நெட்டையன் அந்த நுனியைச் சீவ இடுக்கியை எடுத்தான்.

"தொடாதே!" என்று ஒரு கத்து கத்தியிருந்தால் போதும். கத்தினால் தெருவே கூடும், ஏன் என்று கேட்கும், வேலை போகும். பாவி, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். காதும் காதும் வைத்தாற்போல் சுவிட்சை அணைத்துவிடலாம் என்று நினைத்தான். சுவிட்சில் கை படும்போது வெளியே ஏதோ தொப்பென்று விழுந்தது. அப்போதும் அதை அணைத்துவிட்டுத்தான் வந்தான்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வராந்தாவில் நெட்டையனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று ஃபியூஸ் கட்டைகள்.

"மூணும் அவர் பையிலதான் இருந்துச்சாம். அப்புறம் எப்படிண்ணே?"

அவள் ஒரு கட்டையைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏதாவதுன்னா கீழருந்து நீங்க கத்திடுவீங்க, எனக்கென்ன பயம்னு சொல்வாருண்ணே," என்றாள்.

இப்போதும் லைன்மேன் வாயைத் திறக்கவில்லை.