உறைந்த எண்ணெய்

போத்தலைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டியும் எண்ணெய் இறங்கவில்லை. பாஞ்சாலை அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தேங்காயெண்ணெய் மெழுகுபோல வெள்ளையாக உறைந்து கிடந்தது. வாசலில் பெஞ்சின்மேல் அவளுடைய அண்ணன் பக்கிரிசாமி, குளிப்பாட்டக் காத்திருப்பவர்போலக் கண்மூடிப் படுத்திருந்தார். தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைக்காமல் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இல்லை.

மலையில் எண்ணெய் எப்போதும் அப்படித்தான். அடிவாரப் பக்கம் ரிங்லெட் ஊரைத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் தானாக ஓடும். விடியலில் அண்ணன்தான் போத்தலை அடுப்போரம் சாய்த்து வைப்பார். அவள் தேநீர் ஆற்றி முடிப்பதற்குள் இளகியிருக்கும். இன்று அடுப்பு இல்லை. சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். இந்தத் தோட்டத்திலோ அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை முழுக்க அடுப்பு அணைந்திருந்தது. புகை இல்லாத கூரைகளின்மேல் மூடுபனி இறங்கி, ஊரே ஒரு பாத்திரத்துக்குள் மூடி வைத்தாற்போல் இருந்தது.

அண்ணன் தினமும் இளக்கிய எண்ணெய் அவர் தலைக்கல்ல, நாய்க்கு.

தோட்டத்தை நிர்வகித்த பழைய துரை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த பந்தய நாய் அது. ஒட்டிய வயிறும் குச்சிக் காலும் நீண்ட முகமுமாக, நாய்க்கும் மானுக்கும் நடுவில் எதுவோ போலிருக்கும். துரை வைத்த பெயர் டச்சஸ். லயத்து வாயில் அது டச்சியாகிவிட்டது. கம்பியில் ஓடும் துணி முயலை விரட்டுவதுதான் அதற்கு வேலை. ஒருநாள் வளைவில் திரும்பும்போது தொடைச்சதை உள்ளுக்குள்ளேயே அறுந்துவிட்டதாம். தோல் கிழியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை, ஆனால் ஓட்டம் அன்றோடு போயிற்று. துரை தன் நாட்டுக்குத் திரும்பியபோது, பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கிரிசாமியிடம் அதை விட்டுவிட்டுப் போனார்.

“அறுந்த சதை சாகாது ஆயி. தூங்கும். குளிருல அது தானா முழிக்காது, நாமதான் எழுப்பணும்” என்று தங்கையிடம் சொல்வார் அண்ணன்.

பாஞ்சாலை அந்த நாயைத் தொட்டதே இல்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது. புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருட்டோடு எழுந்து அவருக்குத் தேநீர் வைத்தவள் அவள். அவரோ குவளையை ஆறவிட்டுவிட்டு, பின்வாசலில் குந்தி, நாயின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பார். சமையற்கட்டிலிருந்து பார்த்தால் அவர் முதுகுதான் தெரியும். அந்த முதுகின்மேல் அவளுக்கு ஒரு சின்னக் கோபம், அவ்வளவுதான்.

நேற்று மாலை மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. டச்சியும் பின்வாசலில் சாக்கின்மேல் படுத்தது படுத்ததுதான்.

காலையில் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி முருகையா குடையும் கையுமாக வந்து துக்கம் கேட்டார். பக்கிரிசாமியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“பாஞ்சாலம்மா, பெட்டி எடுக்கறதுக்குள்ள துரை வந்துருவாரு. அந்த நாய் எந்திரிக்கவே இல்லியாமே. நின்னா இருக்கட்டும், நிக்காட்டி ஊசிதான்னுட்டாரு. ஆஸ்பத்திரி டிரசரையும் கூட்டியாறாரு.”

“இன்னிக்கேவா கிராணியாரே?”

“அது பாவம்தானே லா. இனிமே அத யாரு பாப்பாங்க?”

புதுத் துரை கெட்டவர் இல்லை. தன் காலில் நிற்கும்வரை நாய் லயத்தில் இருக்கலாம், விழுந்துவிட்டால் வதைக்கக் கூடாது என்று அண்ணனிடம் முன்பே பேசியிருந்தார். அண்ணனும் சரி என்று தலையாட்டியவர்தான். பாஞ்சாலை உள்ளே பார்த்தாள். இந்த வீட்டில் இதுவரை மூன்று மூச்சு இருந்தது. இருட்டில் விழித்தால் ஒரு குறட்டை கேட்கும், சாக்குப் பக்கமிருந்து ஒரு சீறல் கேட்கும். கனவில் அந்தத் துணி முயலை விரட்டிக்கொண்டு டச்சி படுத்தபடியே ஓடும். எழுப்பாதே, இந்தத் தடவை புடிச்சிரும் என்பார் அண்ணன். நாளை விடியலில் எந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்திருப்பது?

வாசலுக்கு அப்பால் தப்படிக்க வந்தவர்கள் காகிதமும் சுள்ளியும் போட்டு ஒரு தீ மூட்டியிருந்தார்கள். பனியில் தோல் தொய்ந்து தப்பு பேசாமல் கிடந்தது. அதைத் தீயில் காட்டிக் காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான அர்ஜுனன், பாஞ்சாலை கையில் இருந்த போத்தலைக் கண்டு, தானே வாங்கி அனலில் காட்டி உருட்டினார். வெள்ளை ஓரத்தில் கரைந்து, நடுவில் ஒரு கட்டி மிதந்து, அதுவும் மறைந்தது. கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்.

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெய் தொட்டு வைத்தார்கள். கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டும் அண்ணன் மகன் காளிமுத்துவும் வைத்தான். பாஞ்சாலை கடைசியாக வைத்தாள். அண்ணனின் நெற்றி பனியில் கிடந்த கல்லைப்போல் இருக்க, எண்ணெய் மட்டும் கதகதப்பாக இருந்தது. விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மிச்ச எண்ணெயைச் செடி மூட்டில் கொட்டிவிட வேண்டும். கிண்ணத்தோடு அவள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். தூக்கமில்லாத கண்ணுக்குத் தேயிலைச் சரிவில் யாரோ கூடை சுமந்து போவதுபோலவும், பனி அவரை விழுங்குவதுபோலவும் இருந்தது. பின்வாசலில் டச்சி தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

அவள் குந்தினாள். கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள்.

“அக்கா, ஆகாதுக்கா” என்றாள் பக்கத்து வீட்டுத் திலகம், பின்னாலேயே வந்து. “பொணத்துக்கு வச்ச எண்ணெ. உசுருள்ளத தொடக்கூடாது.”

பாஞ்சாலை திரும்பவில்லை.

“இத்தன நாளும் அந்தக் கையிதான் திலகம் இதத் தொட்டுச்சு.”

திலகம் யாரும் வந்துவிடாதபடி சுவர் மூலையில் போய், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வழியை அடைத்து நின்றாள்.

டச்சி ஒருக்களித்துப் படுத்திருந்தது. மேலே இருந்த காலைப் பாஞ்சாலை தேய்த்தாள். தொடையிலிருந்து முட்டிவரை, முட்டியிலிருந்து தொடைவரை தேய்த்தாள். நாய் அசையவில்லை. முன்வாசலில் தப்பு ஒலிக்கத் தொடங்கிற்று. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. துரையின் கார் மேடேறி வரும் உறுமலும் அதோடு கலந்தது. எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். நாய் அவளைப் பார்த்த பார்வையில் வலி இல்லை. தெரியாதவர்களிடம் காட்டும் பொறுமைதான் இருந்தது.

அப்புறம் அது மெல்ல, கதவைத் திறந்து விடுவதுபோல, அந்தக் காலைத் தூக்கி ஒதுக்கிக் கொடுத்தது.

அடியில் கிடந்த காலின் உள்தொடையில் ஒரு பள்ளம் தெரிந்தது. ஓரத்தில் முடிச்சிட்ட கயிறுபோலச் சதை இறுகியிருந்தது. இத்தனை வருஷமும் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தவளுக்கு இது தெரியவே இல்லை. அவள் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். விரல் பொருந்தியது, பொருந்தியும் சுற்றிலும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அண்ணனின் விரல் பெரியது.

மீதி எண்ணெய் முழுவதையும் அங்கே விட்டாள். முடிச்சின் மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துவிட்டாள். கயிறு முதலில் தோலாயிற்று, பிறகு சதையாயிற்று, பிறகு அவள் விரலுக்குள்ளேயே ஒரு துடிப்பு வந்தது.

முன்வாசலில் துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணனைக் கிடத்திய பெட்டியின் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் டிரசர் பையோடு நின்றார். துரை மலாயில் ஏதோ கேட்டார். முருகையா பதில் சொல்ல வாயெடுத்து அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து, சுவரை ஒட்டியபடி, ஒரு காலை விரலில் மட்டும் ஊன்றிக்கொண்டு டச்சி வந்துகொண்டிருந்தது. கூட்டம் விலகிற்று. அது பெட்டியின் அருகே வந்து நின்றது.

“நிக்குது துரை” என்றார் கிராணி.

துரை தலையசைத்தார். டிரசர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மற்ற ஆண்களோடு பெட்டிக்குக் கை கொடுத்தார்.

பெண்கள் லயத்து முனைவரைதான் போகலாம். அங்கே பாஞ்சாலை நின்றாள். டச்சி நிற்கவில்லை. ஊர்வலத்தின் கடைசியில், யாரையும் முந்தாமல், நொண்டி நொண்டிப் போயிற்று. வளைவில் பனி முதலில் பெட்டியை எடுத்துக்கொண்டது, பிறகு தப்பை, பிறகு நாயை. பாஞ்சாலை அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திலகம் தோளைத் தொட்டுக் குளிக்கக் கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளித்து ஈரத்தோடு அவள் வீட்டுக்குள் வந்தபோது பின்வாசல் சாக்கில் டச்சி சுருண்டிருந்தது. எப்போது திரும்பி வந்ததோ, காலெல்லாம் செம்மண். தூக்கத்தில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தாண்டிச் சத்தமில்லாமல் நடந்தாள்.

வரிசையில் எங்கோ முதல் புகை எழுந்தது. பாஞ்சாலையும் அடுப்பைப் பற்றவைத்தாள். உலைப்பானை பக்கத்தில் காத்திருந்தது. போத்தலில் அடியொட்டிக் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தது, மறுபடியும் உறைந்திருந்தது. அவள் அதை எடுத்து, அவர் வைக்கும் இடத்திலேயே, அவர் சாய்ப்பதுபோலவே சாய்த்து வைத்தாள்.

கண்ணாடி ஓரத்தில் வெள்ளை மெல்ல இளகத் தொடங்கிற்று.