சிலேட்டில் ஒரு நாற்காலி

உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். என் வியாதி அவ்வளவுதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு வேலைக்காகத்தான் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதக் கிளம்பினேன். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் லிங்கம் இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஸ்ரீவராகத்தில் குளத்துக்குப் போகிற தெருவில், பாதாம் மரத்தடியில் என் தேய்ப்பு வண்டி நிற்கிறது. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த நாளிலிருந்து, பதினேழு வருஷமாக அதே இடம். காலை ஆறரைக்கு இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டால் மூன்று மணி வரை நின்றபடிதான் வேலை. போன வருஷம் முட்டிக்குக் கீழே நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு புடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "இனி அதிகம் நிக்கண்டா" என்றார். நிற்காமல் எப்படித் தேய்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

வழி சொன்னது ஜெஸி சேச்சி. எங்கள் தெருமுனை ஃப்ளாட்டில் குடியிருக்கிறாள், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவுக்குச் சூப்பர்வைசர். அவளுடைய யூனிஃபாரத்தை நான்தான் தேய்க்கிறேன்.

"செல்வி, எங்க துணி ஸ்டோர்ல ஒரு ஆள் ஒழிவு வருது. உட்கார்ந்துள்ள ஜோலியாணு. போற ஷீட்டையும் வர்ற ஷீட்டையும் எழுதி வச்சா மதி, அது போதும். பக்ஷே பத்து பாஸாயிருக்கணும். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஞான் பிடிச்சு நிறுத்தறேன். அதுக்குமேல என்னால ஆகாது கேட்டோ."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படிப்பை விட்டவர்களுக்கு என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறது, பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம் என்றும் ஜெஸி சேச்சிதான் கேட்டுவந்து சொன்னாள். இசக்கிச்செல்வி என்று முழுப்பேரைக் கொடுத்தேன். புத்தகங்களும் வந்தன. புத்தகங்களோடு தூக்கமும் வந்தது.

மூன்று மணிக்கு வண்டியை மூடி, வீட்டுக்குப் போய், சோறு தின்று, பாயில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன். முதல் பத்தி முடிவதற்குள் தலை தொங்கி நாடி நெஞ்சில் முட்டும். பால் விடாத கட்டன் சாயா குடித்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தேய்த்துப் பார்த்தேன், எரிச்சலோடு தூங்கினேன். லிங்கம் டைல்ஸ் வேலைக்குப் போகிறவர். கூட வேலை பார்க்கும் பையன்கள் அனுப்பினார்கள் என்று ஃபோனில் ஊக்கப் பேச்சுகளாகக் கொண்டுவந்து போட்டுக் காட்டுவார். கோட்டு போட்ட ஒருவர், 'நீ நினைத்தால் முடியும்' என்று கத்துவார். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே நான் குறட்டை விடுவேன். அப்படி இரண்டு மாதம் போயிற்று.

"ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. எதுக்குட்டி இந்தப் பாடு? புஸ்தகத்தைத் தலைக்கு வச்சுப் படு. கொஞ்சமாவது ஏறும்" என்றார் லிங்கம்.

கோபத்தில் புத்தகத்தை அவர் மேலேயே எறிந்தேன். பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்துமே கண் சொருகினால், என்னைவிடக் கேடுகெட்டவள் யாரும் இருக்க முடியாது என்று தோன்றியது.

மறுநாள் வண்டியில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. காய்ச்சலடித்த நாளில்கூட நான் ஒரு துணி பாக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனதில்லை. ஊக்கமா? மண்ணாங்கட்டி. காரணம் என் சிலேட்டு.

வண்டிக் கம்பியில் ஒரு சிலேட்டு தொங்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சேஷன் சார் வீட்டுக்கு மூன்று கோடு. லலிதாம்பாள் மாமி வீட்டுக்கு ஒரு முக்கோணம். ஸ்கூல் டீச்சர் பத்மஜா வீட்டுக்கு வட்டத்துக்குள் புள்ளி. மூட்டை வந்ததும் அந்தக் குறியைச் சாக்பீஸால் போடுவேன். தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அதன்மேல் ஒரு கோடு அடிப்பேன். கோடு விழாத குறி ஒன்று இருந்தாலும் என்னால் வண்டியை மூட முடியாது. முதுகில் யாரோ பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும்.

சரி, பாடத்தையும் மூட்டையாக்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். உட்கார்ந்தால்தானே தூக்கம்? நின்றே படிப்போம்.

புத்தகத்தைப் பிரித்துத் துணி கிளிப்பால் கம்பியில் மாட்டினேன். ஒரு வீட்டுத் துணிக்கு ஒரு பாடம். லலிதாம்பாள் மாமியின் ஒன்பது கஜத்தைத் தேய்க்க நேரமாகும், அதனால் அதற்கு நீளமான பாடம், பிரெஞ்சுப் புரட்சி. சேஷன் சாரின் வேட்டிக்கு உப்புச் சத்தியாகிரகம். பத்மஜா டீச்சரின் காட்டன் புடவைக்கு, கஞ்சி போட்ட முரட்டுத் துணி என்பதால், ஐந்தாண்டுத் திட்டங்கள். துணி முடிவதற்குள் பாடத்தை வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் கோடு. சொல்லாவிட்டால் துணியைக் கொடுத்திருந்தாலும் குறி அப்படியே நிற்கும்.

சிலேட்டின் மேல் மூலையில் ஒரு நாற்காலியும் வரைந்தேன். அது பரீட்சைக்கு. தேறினால்தான் அதற்குக் கோடு.

முதல் வாரம் கால் வலியில் உயிர் போயிற்று. ஒளிச்சேர்க்கை படித்த அன்று சேஷன் சாரின் சட்டைக் காலர் பெட்டிச் சூட்டில் பழுத்துவிட்டது. நல்ல மனிதர், அதையே போட்டுக்கொண்டு போனார். ஆனால் தூக்கம் வரவில்லை. கையில் சூடான பெட்டியை வைத்துக்கொண்டு யாரால் தூங்க முடியும்? படிக்கலாமா வேண்டாமா என்ற யோசனையே ஓய்ந்துபோனது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மனசு வருகிறதா என்று தினமும் அதனிடம் கெஞ்ச வேண்டியதில்லை. மூட்டை வந்திருக்கிறது, முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அடிமேல் அடி அடித்து அம்மியை நகர்த்தினேன்.

ஐப்பசியில், துலா மழையில் பரீட்சை வந்தது. உட்கார்ந்து எழுதுவதால் தூங்கிவிடுவேனோ என்று பயந்து, ஒவ்வொரு பரீட்சையிலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சில்லென்ற தரையில் ஊன்றிக்கொண்டேன். மற்றதெல்லாம் ஒருமாதிரி போயிற்று. சமூக அறிவியல் மட்டும் அமோகம். எட்டுப் பெரிய கேள்விக்கும் பதில் எழுதினேன்.

அடுத்த நாள் பத்மஜா டீச்சர் வீட்டுக்குப் புடவை கொடுக்கப் போனபோது என் பெருமையை அடக்க முடியவில்லை.

"டீச்சர், கேள்வியைப் பாத்த ஒடனே எந்த வீட்டுத் துணின்னு யோசிச்சேன். எட்டுப் பதிலுக்கும் பேப்பர்ல ஓரமா அந்தந்த வீட்டுக் குறியைப் போட்டேன். அம்புட்டுதான், பாடம் கடகடன்னு வந்திட்டு. ஒங்க வீட்டு வட்டத்தையும் போட்டிருக்கேன் கேட்டேளா!"

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது.

"விடைத்தாள்லயா? எட்டுக் குறியா? என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே, இசக்கி! நான் வருஷா வருஷம் பேப்பர் திருத்தப் போறவ. எழுதினவா யாருன்னு காட்டற மாதிரி எந்த அடையாளமும் போடப்படாது. போட்டா பேப்பரையே செல்லாதுன்னு ஒதுக்கி வச்சுடுவாளே. முன்பக்கத்துல அச்சடிச்சிருக்குமே, படிக்கலையா நீ?"

முன்பக்கத்தில் என்னவோ அச்சடித்துத்தான் இருந்தது. அதையெல்லாம் யார் படித்தார்கள்? நம்பரை எழுதச் சொன்ன இடத்தில் எழுதினேன், பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஒரு பேப்பர் போனால் சர்டிஃபிகேட் இல்லை. சர்டிஃபிகேட் இல்லாவிட்டால் நாற்காலியை ஜெஸி சேச்சி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

அதன் பிறகு மூன்று நாள் நான் தூங்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கே தூங்கியவள் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். லிங்கம் கேலி பேசவில்லை. இரண்டாம் நாள் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நாலாம் நாள் பத்மஜா டீச்சர் வண்டிக்கே வந்துவிட்டாள். என்னை அப்படிப் பயமுறுத்தியது அவளுக்கும் உறுத்தியிருக்கிறது. ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சிலேட்டைப் பார்த்து நின்றாள்.

"இதென்ன, எல்லாத்து மேலயும் கோடு அடிச்சிருக்கே?"

"மூட்டையைக் குடுத்தாச்சுன்னா கோடு அடிப்பேன், டீச்சர்."

"எப்பவுமா?"

"அடிக்காம இருக்க முடியாது. கை தன்னால போவும்."

டீச்சர் பையிலிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துத் தேய்ப்பு மேஜைமேல் வைத்தாள். "உப்புச் சத்தியாகிரகம். பரீட்சையில எழுதின மாதிரியே எழுது. ஒண்ணும் யோசிக்காதே" என்றாள்.

பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நின்றபடியே எழுதினேன். ஓரத்தில் மூன்று கோடு போட்டேன். தண்டி வரைக்கும் நடந்து, உப்பை அள்ளி, கைதாகி, பதில் முடிந்தது. முற்றுப்புள்ளி வைத்தேன். கை தன்பாட்டில் மேலே போய் அந்தக் குறியைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டியது. என் கையை நானே திகைத்துப் பார்த்தேன்.

டீச்சர் கலகலவென்று சிரித்தாள். "அடி அசடே! எழுதினவாளே அடிச்சதை நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். ஏதோ தப்பா எழுதிட்டு வெட்டியிருக்கான்னு நெனச்சுண்டு போயிடுவோம். எட்டையும் அடிச்சியோன்னோ?"

கண்ணை மூடி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். ஏழு கோடும் கைக்கு ஞாபகம் இருந்தது. எட்டாவது எழுதும்போது மணி அடித்துவிட்டது. பரீட்சை ஹால் சார் வந்து பேப்பரை இழுத்தார். கோடு அடித்தேனா, அதற்குள் அவர் இழுத்துவிட்டாரா?

"ஒண்ணு மட்டும் தெரியல டீச்சர்" என்றேன். "ஒங்க வீட்டுக் குறிதான்."

"வட்டமும் ஒரு புள்ளியும்தானே? பேனா எழுதறதான்னு கிறுக்கிப் பாத்ததா நெனச்சுப்பா. போய்த் தூங்கு" என்றாள் டீச்சர். ஆனால் அவள் குரலில் முழு நிச்சயம் இல்லை. இருந்தாலும் எட்டு பயம் ஒன்றாகக் குறைந்ததில், அன்று ஆறு மணி நேரம் தூங்கினேன்.

மார்கழி பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது ஜெஸி சேச்சி, "இன்னொரு ஆளு கேட்டுட்டு வருது, செல்வி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று காலை பதினொரு மணிக்கு, வாசல் தாண்டினால் மடிப்புக் கலையாத புடவையில்தான் வருகிற பத்மஜா டீச்சர், நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடி வந்தாள். கையில் ஃபோன்.

"இசக்கி! ஜெயிச்சுட்டே! எல்லாத்துலயும்! சோஷியல்ல பி கிரேடு!"

எனக்கு முதலில் காது அடைத்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். மூன்றாம் தடவையும் கேட்டேன். அதற்கும் பொறுமையாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. பத்து மாதமாக நெஞ்சுக்குள் யாரோ கட்டி வைத்திருந்த மூட்டை அவிழ்ந்தது போல இருந்தது. டீச்சரைக் கட்டிக்கொண்டு, கரிக் கையோடு அவள் துண்டைப் பாழாக்கினேன்.

ஃபோனில் கூப்பிட்டதும் ஜெஸி சேச்சி, "ஒண்ணாம் தேதி வா. உன் கசேரையெ, நாற்காலியெத் துடைச்சு வைக்கறேன்" என்றாள். வேலைத்தலத்திலிருந்து லிங்கம் அப்படியே சிமென்ட் காலோடு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார். மூலையில் நாற்காலி நின்றிருந்தது. மழைக் காலத்தில் சாரலில் அழிய அழிய நான் திரும்பத் திரும்ப வரைந்து வைத்த நாற்காலி.

சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். "என்னத்தட்டி பாத்துக்கிட்டு நிக்க? கோடு அடி" என்றார்.

அடித்தேன். சாக்பீஸ் முறிந்துபோகிற அளவுக்கு அழுத்தி அடித்தேன்.

அன்றைக்கு இன்னும் ஐந்து மூட்டை பாக்கி. ஐந்து குறியும் கோடில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பார்க்கட்டும் என்று விட்டேன். டீச்சர் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டார்கள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, வேலை முடியாமல் அந்தத் தெருவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மூன்று மணி. பெட்டி ஆறியிருந்தது. ஐந்து குறிமேலும் கோணல்மாணலாகக் கோடு அடித்திருந்தது. லிங்கம் வியர்த்து வழிந்துகொண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லலிதாம்பாள் மாமியின் ஒன்பது கஜம் சேஷன் சார் வீட்டுக்கும், அவர் வேட்டி மாமி வீட்டுக்கும் போயிருந்தன.

"நீ எந்திரிக்காத. நான் போயி மாத்திட்டு வாரேன்" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.