தெல்மோவின் கோணல் குறிமுள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் துப்பாக்கி சுடும் சங்கத்துக் கொல்லையில் மாட்டு விலா கரித்தணலில் வேகத் தொடங்கியதும், எந்தத் துப்பாக்கி உசத்தி என்ற சண்டையும் தொடங்கிவிடும். வருஷக்கணக்காக அதே சண்டை, அதே மூன்று பேர். இறைச்சி வேகும்வரை வாய் சும்மா இருக்குமா?

எச்சாரி பிஸ்டல் கட்சி. கோதுமை ஆலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன், பாஸ்க் வம்சம், அதனால் ஊருக்கு அவன் 'வாஸ்கோ', பிடித்தால் விடமாட்டான். "நம்ம அர்ஜென்டினாவுலயே செஞ்சது. சுத்தியலப் புடிச்ச மாதிரி கையில நிக்கும். சேத்துல போட்டு எடுத்தாலும் சுடும்" என்று தன் பால்யெஸ்தர் பிஸ்டலைத் தூக்கிக் காட்டுவான்.

துணிக்கடை ஜலீலுக்குச் சின்னப் பாயின்ட் இருபத்திரண்டு ரைஃபிள்தான் உயிர். அவன் தாத்தா சிரியாவிலிருந்து கப்பலேறி வந்தவர். ஆனாலும் ஊருக்கு அவன் 'துருக்கி'. "உதைக்காது, கத்தாது, செலவு வைக்காது. இப்படி ஒரு பொண்டாட்டி கெடச்சிருந்தா நான் ஏன் ஞாயித்துக்கிழமையானா இங்க வந்து உங்க மூஞ்சியப் பாக்கறேன்?" என்பான்.

மூன்றாவது ஆள் தெல்மோ, நெலிடாவின் கணவன், தானிய லாரி ஓட்டுபவன். அவனுடையது பழைய மவுசர் ரைஃபிள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷத்து மாதிரி. கட்டாய ராணுவ சேவையில் மூவரும் தூக்கிக்கொண்டு ஓடிய அதே மாதிரி. கழுதையாய் உதைக்கும். மற்ற இருவரும் தோள் வலி என்று எப்போதோ அதைக் கைகழுவிவிட்டார்கள். தெல்மோ மட்டும் விடவில்லை. அதன் மேல் பொறித்திருக்கும் குடியரசு முத்திரையை, கோத்த இரண்டு கைகளையும் மேலே எழும் சூரியனையும், கட்டைவிரலால் துடைத்தபடி உட்கார்ந்திருப்பான். அது ஏன் பிடிக்கும் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"இதுக்கு என்னைத் தெரியும்."

"ஆமா, உன்னைத் தெரிஞ்சுதான் இந்த உதை உதைக்குது!" என்று ஜலீல் கத்துவான். மூவரும் சிரிப்பார்கள். நெலிடா மாத்தே இலை போட்ட குவளையில் வெந்நீர் ஊற்றிக் கை மாற்றிக்கொண்டிருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தீர்ந்துபோகும் பண்டம் என்று அப்போது யாருக்குத் தோன்றியது?

போன ஜூலைக் குளிரில் தெல்மோவின் இதயம் நின்றுபோனது.

சங்கக் கூடத்துச் சுவரில் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும் மரச் சட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றின் கீழும் பித்தளையில் பெயர். உறுப்பினர் இறந்துவிட்டால் வசந்தகாலப் போட்டிவரை இடம் காத்திருக்கும். அவர் வீட்டு ஆள் யாராவது அதே துப்பாக்கியால் ஐந்து தோட்டா சுட்டு, மூன்றை இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள் போட்டால் பெயர் நிலைக்கும். இல்லாவிட்டால் பித்தளையைக் கழற்றிவிடுவார்கள். சங்கத்தைத் தொடங்கியவர்கள் போட்ட விதி அது. புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் ஒருவர் அந்த இடத்தை இப்போதே கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"நான் சுடறேன்" என்றாள் நெலிடா.

"நெலி, அது மவுசர்மா. விளையாட்டில்ல" என்றான் ஜலீல்.

"பொம்பளைங்க போட்டியில உன் துப்பாக்கியாலயே உன்னைவிட நல்லா சுட்டேனே, மறந்துடுச்சா?"

மறந்திருக்கவில்லை. ஜலீல் தோட்டாப் பெட்டியைத் தேடப் போனான்.

பயிற்சிக்கு நெலிடா, எச்சாரி, ஜலீல் மூவர் மட்டும் வந்தார்கள். யூகலிப்டஸ் மரங்களுக்கு அந்தப்பக்கம் கோதுமை வயல் காற்றில் அலைந்தது. நெலிடா பாயில் குப்புறப் படுத்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, நிதானமாகச் சுட்டாள். ஐந்தும் ஒரு கைக்குட்டைக்குள் அடங்கும்படி நெருக்கமாக விழுந்திருந்தன. ஆனால் கறுப்புக்கு வெளியே, வலப்பக்கம், வெள்ளைத் தாளில்.

எச்சாரி துப்பாக்கியை வாங்கிக் குழாயின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். குறிபார்க்கும் முள் நடுவில் இல்லை. இடப்பக்கமாகத் தள்ளியிருந்தது.

"முள்ளு எடப்பக்கம் போனா குண்டு வலப்பக்கம் போகும். யாரோ வேணும்னே தட்டியிருக்காங்க."

"தெல்மோ தன் துப்பாக்கிய வேற யாரையும் தொட விட்டதில்ல. அவன் சுட்டா நடுவுலதானேடா விழும்?" என்ற ஜலீல் ஒரு கணம் யோசித்தான். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி! அவன் சுடறப்போ எடப்பக்கம் இழுத்திருக்கான். உதைக்குப் பயந்து உடம்பு தானா துள்ளியிருக்கு. அதை ஈடுகட்ட முள்ளைத் தள்ளி வச்சுட்டான். நம்ம சாம்பியன் இத்தன வருஷமா பயந்துகிட்டே சுட்டிருக்கான்டா!"

"சிரிக்காத" என்றாள் நெலிடா.

ஜலீல் குனிந்து காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"ஒரு நிமிஷ வேலை, நேராக்கிடறேன்" என்று எச்சாரி பையில் சுத்தியலைத் தேடினான்.

"தொடாத."

அன்று மாலை சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லாரியின் மேலிருந்து விழுந்து தெல்மோவின் வலது காறையெலும்பு உடைந்ததே, அதற்கப்புறம்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். வெடிக்கும் முன் அந்த மனுஷனின் மூச்சு நிற்கும். வலது தோள் காதுவரை ஏறும். கண் இறுக மூடும். விரல் வெடுக்கென்று இழுக்கும். அதுதான் மவுசரைச் சுடும் முறை போலிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். சனிக்கிழமை ராத்திரிகளில் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்வான். வேலை அலுப்பு என்பான். ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொன்னதில்லை. அவளுக்குக் கோபமாக வந்தது. செத்துப்போனவனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் அழுதாள்.

போட்டியன்று சங்கம் நிரம்பியிருந்தது. பல் டாக்டர் புது மேல்சட்டை போட்டு வந்திருந்தார். சுவரில் இருந்த மரச் சட்டத்திலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தவன் எச்சாரி. வழக்கத்துக்கு மாறாக அவன் முகத்தில் ஒரு புன்சிரிப்பு இருந்தது.

நெலிடாவிடம் ஒரு யோசனை இருந்தது. கறுப்புக்கு இடப்பக்கம் வெள்ளையில் குறிவைத்தால் குண்டு கறுப்பில் போய் விழும். அப்படியே குறிவைத்துச் சுட்டாள். இலக்குக்குக் கீழே குழியில் இருந்த ஆள் கழியில் பொருத்திய தட்டை உயர்த்திக் குண்டு விழுந்த இடத்தைக் காட்டினார். குண்டு இடப்பக்கம் வெள்ளையிலேயே விழுந்திருந்தது.

அவளுக்குப் புரியவில்லை. அடுத்ததை நேராகக் கறுப்பின் நடுவில் வைத்துச் சுட்டாள். தட்டு நடுவில் நின்றது. கூட்டம் கைதட்டியது. மூன்றாவதும் நடுவில். இன்னும் ஒன்று போட்டால் போதும். ஜலீல் தொப்பியைத் தூக்கி எறிந்தான்.

நெலிடா துப்பாக்கியைத் திருப்பி முள்ளைப் பார்த்தாள். நட்டநடுவில் நின்றது. அதன் பக்கத்தில், இத்தனை வருஷம் முள் உட்கார்ந்திருந்த இடத்தில், துரு தொடாத இரும்பு நகக்கீற்று அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

அவள் எழுந்து நின்றாள். "வாஸ்கோ, இங்க வா."

எச்சாரி வந்தான். அந்தப் புன்சிரிப்பு இன்னும் போகவில்லை.

"யாரைக் கேட்டுத் தொட்ட?"

"உன் நல்லதுக்குத்தானே... பேரு போயிடக்கூடாதுன்னு..."

"பேரைக் காப்பாத்தறேன்னு ஆளையே அழிச்சுட்டியே! அந்த மனுஷன்னு இந்த உலகத்துல மிச்சம் இருந்தது அந்தக் கோணல் ஒண்ணுதான்டா."

எச்சாரியின் முகம் வெளிறிவிட்டது. இயந்திரம் பழுதுபார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோணல் பொறுக்கவில்லை, தட்டிவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. அதை இப்போது எப்படிச் சொல்லுவான்?

"இருந்த எடத்துலயே வை" என்றாள்.

"ரெண்டுதான் இருக்கு நெலி! நேரா சுட்டா ஒண்ணு கண்டிப்பா விழும். கோணல வச்சுக்கிட்டு தோத்துட்டா பித்தளைய கழட்டிடுவாங்க" என்று ஜலீல் கெஞ்சினான்.

"கழட்டட்டும். வேற யார் சுட்ட குண்டாலயோ அவன் பேரு நிக்க வேண்டாம்."

நடுவரும் தலையாட்டிவிட்டார். எச்சாரி மண்டியிட்டான். சுத்தியலை எடுத்தான். மெல்ல மெல்லத் தட்டி, பளிச்சென்ற அந்தக் கீற்றை மூடுகிற வரைக்கும் முள்ளைத் தள்ளினான்.

நான்காவது தோட்டா. தெல்மோ மாதிரி தோளை உயர்த்திப் பார்த்தாள். ஆனால் அது பாவனைதான், உடம்பு நம்பவில்லை. குண்டு வலப்பக்கம் வெள்ளையில் விழுந்தது. உதை மட்டும் பொய்யாக இல்லை. துப்பாக்கிக் கட்டை தோள் எலும்பில் இடித்துக் கண்ணில் நீர் வந்தது.

ஐந்தாவதை உள்ளே தள்ளிப் படுத்தபோது, அந்த வலி திரும்ப வரப்போகிறது என்று அவள் தோளுக்குத் தெரிந்துவிட்டது. பயந்தாள். நிஜமாகவே பயந்தாள். மூச்சு தானாக நின்றது, தோள் தானாக ஏறியது. இப்படித்தானா, ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தானா படுத்திருந்தாய் என்று மனசுக்குள் கேட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுத்தாள்.

குழியிலிருந்து தட்டு எழும்பக் கொஞ்சம் நேரமாயிற்று. எழும்பி, கறுப்பின் நட்டநடுவில் நின்றது.

ஜலீல்தான் முதலில் வாய் திறந்தான். "பின்னாலிருந்து பாத்தேன். அவனேதான்டா" என்று எச்சாரியின் தோளைப் பிடித்தான்.

மதியம் விலா வெந்துகொண்டிருந்தது. சண்டை தொடங்கவேண்டிய நேரம், யாரும் தொடங்கவில்லை. ஜலீல் ஒரு குச்சியால் தணலைக் கிளறினான்.

"அவ்வளவு வலியோட ஏன் அதையே புடிச்சுத் தொங்கினான்? என் சின்ன ரைஃபிள எத்தன தடவ நீட்டினேன்!"

நெலிடா தோளைத் தடவிக்கொண்டாள். "பட்டாளத்துல மூணு பேரும் சேந்து தூக்கினதாச்சே. நீங்க ரெண்டு பேரும் போட்டுட்டீங்க. ஒருத்தனாவது வச்சுக்கணும்னு இருந்திருப்பான்."

எச்சாரி புகைக்கு முகத்தைத் திருப்புவதுபோல அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, திரும்பாமலேயே கேட்டான்.

"அடுத்த ஞாயிறு அதை எனக்கு ஒரு தடவ குடுப்பியா?"

"எனக்கும்" என்றான் ஜலீல்.

"குடுக்கறேன்" என்றாள் நெலிடா. "வாஸ்கோ, நீ மட்டும் சுத்தியல வீட்டுல வச்சுட்டு வா."