மூடியைக் கழற்றாத நாள்

நான்கு மணிக்கு விசாரணை. இப்போது ஒன்றரை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விசாரணை என் அண்ணிக்கு. மருத்துவமனை லேபில் பதினோரு வருடமாக ரத்தம் பரிசோதிப்பவர். என் அண்ணன் இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவர் வேலையால்தான். அந்த லேபின் ரத்தப் பரிசோதனை மெஷினைப் பழுது பார்ப்பவள் நான். ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒரே மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த மெஷின் சில நாள் கல்லீரல் அளவை உயர்த்திக் காட்டுகிறது. சில நாள் ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே அளவு எல்லையில் நின்ற ஒருவருக்கு, அப்படி வந்த தப்பு ரிசல்ட்டை நம்பி, மாத்திரைதான் கல்லீரலைக் கெடுக்கிறது என்று வலிப்பு மாத்திரையை நிறுத்தினார்கள். அவர் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்து, தலையில் தையலோடு மேல் மாடியில் படுத்திருக்கிறார்.

மூன்று தடவை வந்து பார்த்தேன். மூன்று தடவையும் மெஷின் சமர்த்துப் பிள்ளை. மூன்று ரிப்போர்ட்டிலும் 'கோளாறு எதுவும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டேன். லேபின் தலைமை டாக்டர் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, "மெஷின் சரின்னா, ஆள்தான் சரியில்ல" என்று முடிவு கட்டிவிட்டார். ஆக, அண்ணியின் வேலைக்கு உலை வைத்தது என் கையெழுத்து.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அண்ணி என்னைக் கூப்பிடுவதே 'பட்டாசு' என்றுதான். வழக்கமாக முதல் நாளே போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் லேபுக்கு வருவேன். இன்று சாப்பிட உட்கார்ந்தவள், ஒரு வாய் கூட இறங்காமல், யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

லேபில் அண்ணி மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன பட்டாசு, வரேன்னு சொல்லவே இல்ல?"

"சொன்னா மட்டும் இந்தச் சனியன் கோளாறைக் காட்டிடுமா? தள்ளுங்க அண்ணி."

"இரு, இரு. மெஷினைக் கொஞ்சம் துடைச்சுத் தர்றேன். நீ போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

"துடைக்கிற நேரமா இது? ஒண்ணுத்தையும் தொடாதீங்க! அப்படியே ஓடட்டும்."

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். வந்ததும் முதல் வேலையாக மூடியைக் கழற்றுவது என் கைப்பழக்கம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அப்படித்தான். முதல் ஸ்க்ரூவில் வைத்த கை அப்படியே நின்றது. மூடியைக் கழற்றினால் உள்ளே காற்று போகும். காற்று போனால் சூடு இறங்கிவிடும். கோளாறே சூட்டால்தான் என்றால், ஒவ்வொரு தடவையும் நான் வந்ததும் வராததுமாக அதை விரட்டிவிட்டு, பிறகு தேடியிருக்கிறேன்! அடக் கடவுளே, இவ்வளவு நாளாக இது ஏன் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை?

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். பக்கவாட்டில் ட்யூப் வெளியே வரும் சின்னத் துளை வழியாக, என் தெர்மாமீட்டரின் மெல்லிய கம்பியை உள்ளே விட்டேன். அந்த மெஷினுக்குள் ரத்தம் முப்பத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும். சூடு கூடினால் கல்லீரல் அளவும் கூடிக் காட்டும். மெஷினின் திரை முப்பத்தேழு என்றது. என் தெர்மாமீட்டரும் முப்பத்தேழுதான் என்றது.

இரண்டு மணிக்கு முப்பத்தேழரை. அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இரண்டேகாலுக்கு முப்பத்தொன்பது. திரை மட்டும் முப்பத்தேழிலேயே நின்றது. அதன் சென்சார் இருந்தது முன்பக்கம், சூடு தேங்கியதோ பின்பக்கம். இரண்டரைக்கு நாற்பத்தொன்று. காலையில் பரிசோதித்த ஒரு ரத்தத்தையே மறுபடி வைக்கச் சொன்னேன். காலையில் எல்லைக்குள் இருந்த அளவு, இப்போது எல்லையைத் தாண்டி நின்றது.

"புடிச்சாச்சு அண்ணி! புடிச்சாச்சு!" என்று குதித்தேன்.

மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஃபேன் காற்று இழுக்கும் கம்பி வலை முழுக்க ஒரு வெள்ளைத் துணி. இரண்டு மடிப்பு, நான்கு மூலையிலும் எலாஸ்டிக், ஓரமெல்லாம் நேர்த்தியான தையல். அண்ணனின் பழைய சட்டையை வெட்டித் தைத்தது. தூசி அப்பி நடுப்பகுதி சாம்பலாகிக் கிடந்தது.

"என்ன அண்ணி இது?"

அவர் தரையைப் பார்த்தார். "நீதானே சொன்ன. இவ்வளவு தூசி உள்ள போனா மெஷின் செத்துடும், உங்களுக்குக் கண்ணு இல்லையான்னு. எல்லார் முன்னாடியும் கேட்ட. அதான் தூசி போகாம இருக்கத் தைச்சு மாட்டினேன்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. கேட்டேன், உண்மைதான். மாதம் ஒரு தடவை பிரஷ்ஷால் தட்டினால் போதும் என்று சொல்லியிருக்க வேண்டியவள், கத்திவிட்டுப் போய்விட்டேன்.

"மூணு தடவை வந்தேனே, அப்ப இது எங்க போச்சு?"

"நீ வரேன்னு போன் பண்ணினதும் கழட்டித் துவைக்கப் போட்டுடுவேன். அழுக்கா இருந்தா அதுக்கும் திட்டுவியே."

"இதனாலதான் எல்லாம்னு தோணவே இல்லையா?"

"சத்தியமா இல்லம்மா. மெஷினுக்கு நல்லது பண்றேன்னுதான் நெனச்சேன்."

"எத்தனை நாளா மாட்டியிருக்கீங்க?"

"நீ திட்டின மறுநாள்லேர்ந்து. ரெண்டு மாசம் ஆச்சு."

துவைத்து மாட்டிய நாள் மெஷின் தப்பித்திருக்கும், தூசி ஏறிய நாள் காலையிலிருந்து ஓடி ஓடி மதியத்துக்குள் வெந்திருக்கும். துணியை என் பைக்குள் திணித்துக்கொண்டு, 'ஃபேன் இன்று பழுதானது, மாற்றியாயிற்று' என்று எழுதினால் அண்ணியும் தப்புவார், நானும் தப்புவேன். ஒரு நிமிடம் நினைத்தேன். பொய் சொல்வானேன், கால் மணி நேரம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இன்றுதான் கெட்டது என்று எழுதினால், அந்த இரண்டு மாதத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மாத்திரை நிறுத்தப்பட்டு இன்னும் எத்தனை பேர் எந்தக் குளியலறையில் நிற்கிறார்களோ?

நான்கு மணிக்கு டாக்டரின் மேஜையில் துணியை வைத்தேன். தூசி, என் கத்தல், கழற்றிய மூடி, மூன்று கையெழுத்து என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டர் துணியைப் புரட்டிப் பார்த்தார். "சரி. இப்படி ஒண்ணு மாட்டியிருக்கேன்னு இவங்க உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மறந்துட்டேன் டாக்டர்," என்றார் அண்ணி சட்டென்று. என்னைக் காப்பாற்றுகிறாராம்!

"அவங்க மறக்கல," என்றேன். "என் வாய்க்குப் பயந்துக்கிட்டு சொல்லல. ஒரு அழுக்குத் துணியைக் கூட என்கிட்டக் காட்ட பயம் அவங்களுக்கு."

டாக்டர் துணியை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு அண்ணியிடம், "நீங்க போய் ரெண்டு மாச மதிய ரிசல்ட்டை எல்லாம் எடுங்க. ஒவ்வொருத்தரையா திரும்பக் கூப்பிடணும்," என்றார். என் பக்கம் திரும்பினார். "நீங்க இனிமே இங்க வர வேண்டாம். உங்க கம்பெனிக்கு நான் எழுதறேன்."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேறென்ன சொல்ல முடியும்?

மாடிப்படி வரை வந்துவிட்டேன். அண்ணி பின்னாலேயே ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. வேலை பிழைத்த சந்தோஷம் அந்த முகத்தில் கொஞ்சமும் இல்லை. திருதிருவென்று விழித்தபடி என் முழங்கையைத் தொட்டார்.

"பட்டாசு, எம்மேல கோவமா?"